சித்தப்பாவின் ஹெல்மெட்

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சாலையில் ஒருவன் ரப்பர் செருப்போடு நின்று வேப்பமரம் அறுக்கிறான். மெஷின் ரம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறான். பெட்ரோல் புகையும் ஈர மரத்தூளின் கசப்பும் மூக்கில் ஏறியதும் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஆறாவது படித்தபோது அவர் அப்படியொரு ரம்பம் வாங்கினார். அதற்கென்று வாங்கிய முகத்தை மறைக்கும் வலைமூடி வைத்த ஹெல்மெட்டை வீட்டு வாசலில் திருஷ்டிக்கு மாட்டினார். அப்படியொரு அறிவு!

"அத்த தலையில போட்டுக்கினு அறுங்க" என்றாள் சித்தி.

"எதுக்கு? அதான் ரம்பத்துல பழம் கட்டியிருக்குதுல்ல?"

மறுவாரமே ரம்பத்தின் நுனி கிளையில் இடித்து, அது எகிறி அவர் கன்னத்தைக் கிழித்தது. தையல் போட்ட கன்னத்தோடு வாயைத் திறந்து முதலில் சொன்னது, "எதிர்வூட்டுக்காரன் கண்ணு." சாகும்வரை அந்த அப்பாவியோடு பேசவில்லை.

ஹெல்மெட் இன்றும் வாசலில் தொங்குகிறது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.