கோச்சடை அக்காவுக்கு ஒரு சிபாரிசு

கடைசி வருடம் தொடங்கியதுமே, வேலைவாய்ப்பைக் கவனிக்கும் சார் எங்கள் வகுப்புக்கு வந்து, "மார்க் மட்டும் பத்தாதும்மா. நெட்வொர்க் வேணும். நாலு ஆளு தெரிஞ்சு வச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலு ஆளை எங்கே போய்ப் பிடிப்பது என்று சொல்லவில்லை. என் அத்தா மதுரைப் பழைய கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் அவருக்குத் தெரியாத வியாபாரி கிடையாது. கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு வேலை சொல்லக்கூடியவர் என்று பார்த்தால் ஒருவரும் இல்லை.

ஆகவே செல்போனில் ஒரு செயலி வழியாக ஆள் பிடிக்க ஆரம்பித்தேன். வேலை தேடுகிறவர்களும் வேலையில் இருப்பவர்களும் கணக்கு வைத்திருக்கும் செயலி அது. கல்லூரி ஊருக்கு வெளியே, ஒத்தக்கடையைத் தாண்டி இருந்தது. சாயங்காலப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் முன்பின் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷில் வணக்கம் வைப்பேன். உங்கள் பயணம் எனக்கு ஊக்கமளிக்கிறது என்று எழுதுவேன். யாருடைய பயணமும் எனக்கு எந்த ஊக்கத்தையும் அளிக்கவில்லை. கால் வலிதான் இருந்தது. பெரும்பாலானவர்கள் படித்துவிட்டு அப்படியே விட்டார்கள். சிலர் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள். ஒருவர் என் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல் என் போட்டோவைப் பற்றிப் பேசினார். அவரை பிளாக் செய்தேன். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது, நாள் முழுக்க யாரையோ கெஞ்சிவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

அப்படி அனுப்பியதில் ஒருவர் மட்டும் தமிழில் பதில் போட்டார். "மதுரையா நீ? நான் கோச்சடை." சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் டீம் லீடர் என்று அவர் பக்கத்தில் போட்டிருந்தது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அக்கா என்றே எழுதினேன். அம்மா வீட்டுக்கு வந்திருப்பதாகவும், நேரில் வந்தால் பேசலாம் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கிளம்பினேன். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். ரெஸ்யூம் கசங்காமல் இருக்க பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றேன். அவர் சொன்ன பேக்கரி மெயின் ரோட்டிலேயே இருந்தது. எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சாதாரண சுடிதார், தூங்காத கண்கள். படத்தில் பார்த்தவரா இவர் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"உக்காரும்மா. எம்புட்டுத் தூரம் வந்திருக்க! டீ சொல்லவா?"

டீ வந்தது. ரெஸ்யூமைப் பொறுமையாகப் படித்தார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கேட்டேன்.

"அக்கா, உங்க கம்பெனியில என்னை ரெஃபர் பண்ணுவீங்களா?"

அவர் தாளை மேசையில் வைத்தார். "நான் இப்ப அங்க இல்லம்மா. ரெண்டு மாசம் ஆச்சு. எங்க டீமையே வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அந்த ஆப்ல இன்னும் மாத்தல."

"ஏன்க்கா மாத்தல?" என்று மட்டும் கேட்டேன்.

"மாத்துனா எல்லாரும் என்னாச்சுன்னு கேப்பாங்க. எங்க வீட்டுக்கே தெரியாது. லீவுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." பிறகு கேட்டார்: "உங்க காலேஜ்ல லெக்சரர் எடுக்குறாங்களா? உங்க ஹெச்ஓடிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவியா?"

முதலில் எரிச்சல்தான் வந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று. ஆனால் கேட்டுவிட்டு அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டு இப்படித்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "சொல்றேன்க்கா" என்றேன். திரும்பி வரும்போது என் பைலில் அவருடைய ரெஸ்யூம் இருந்தது.

திங்கட்கிழமை துறைத் தலைவரான மேடத்தின் அறை வாசலில் போய் நின்றேன்.

"உனக்கு எப்படிம்மா இவங்களத் தெரியும்?"

"தெரிஞ்ச அக்கா மேடம்."

"நல்ல அனுபவம்தான். ஆனா எம்.இ. இல்லையே. இல்லாம எடுக்க முடியாது." தாளை வாங்கி மற்ற தாள்களுக்கு மேல் வைத்தார்.

அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். கட்டைவிரல் படம் அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து மேடமே கூப்பிட்டு அனுப்பினார். கடைசி வருட மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்த வருவதாக இருந்த ஆள் வரவில்லையாம். "அந்த உன் அக்கா வருவாங்களா? மூணு நாள்தான்."

அக்கா வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும், "பசங்க முன்னாடி என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதடா" என்று மெதுவாகச் சொன்னார். என் முறை வந்தபோது அந்நியரைப் போலவே கேள்வி கேட்டார். நான் திணறினேன். "மனப்பாடம் பண்ணினத ஒப்பிக்காதீங்க. நீங்க செஞ்சதச் சொல்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மதியம் கேன்டீனில் என் பக்கமே திரும்பாமல் தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கடைசியில்தான் பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "கோவமா?" என்றார். "டயர்டா இருக்குக்கா" என்றேன். "எனக்கும்தான்" என்றார். மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வரை ஒன்றாகவே போனோம்.

கல்லூரி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டதாக ஒருநாள் எழுதினார். அம்மா திட்டவில்லையாம், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாராம். தைப்பொங்கல் முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார். சம்பளம் பழையதைவிடக் குறைவு. போன கையோடு என் பெயரை அங்கே கொடுத்தார். புதிதாகப் படித்து வருகிறவர்களை இந்த வருடம் எடுப்பதில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். "சாரிம்மா. என்னால இம்புட்டுத்தான் முடிஞ்சுச்சு" என்று அக்கா போனில் சொன்னார். அதுவரை எனக்காக யாரும் ஓரிடத்தில் என் பெயரைச் சொன்னதில்லை. அதை அவரிடம் சொல்ல நினைத்து, "பரவால்லக்கா" என்று முடித்துவிட்டேன்.

கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது கல்லூரிக்கே வந்த ஒரு சின்னக் கம்பெனியில். மதுரையிலேயே. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டு மென்பொருளைச் சரிசெய்யும் வேலை. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. சிபாரிசும் இல்லை. நேர்காணலில் நான் செய்த புராஜெக்டை மட்டும் சொன்னேன், அதில் வேலை செய்யாமல் போன பகுதியையும் சேர்த்து.

இப்போது எட்டு மணி நேரம் காதில் ஹெட்போன். சாயங்காலம் யாருடைய குரலையும் கேட்கப் பிடிப்பதில்லை. அம்மா பேசினால்கூட, அப்புறம் என்று கையைக் காட்டுகிறேன். அக்கா அழைத்தால் மட்டும் எடுத்துவிடுகிறேன். போன வாரம் அழைத்தவர், பேருந்துக்கு நிற்பதாகச் சொன்னார். அங்கே மழையாம். இங்கே வெயில் கொளுத்துகிறது என்றேன். "சரி, வண்டி வருது. வைக்கிறேன்டா" என்றார்.