சிங்க்குக்குப் போட்ட பலகை

சார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், வீடு அவருடையது. அவர் வீட்டம்மா இருந்தார்கள். என் மச்சினன் இருந்தான். என்னோடு தச்சு வேலை பார்க்கிறவன். நான் இருந்தேன். அடுப்பில் இட்லிக் கொப்பரை. அதற்குள் ஒரு துண்டு பிளைவுட் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுக்களையில் அலமாரிப் பெட்டிகள் ஏறிவிட்டன. கதவு மாட்டுவதுதான் பாக்கி. அதற்கு முன்னால் பலகையை அவித்துப் பார்க்க வேண்டும் என்றார் சார். பல வீட்டில் கேட்பதுதான். தண்ணீர் தாங்குகிற பிளைவுட் கொதித்தாலும் அடுக்கு விடாது. மட்டமானது விட்டுவிடும். முந்தி இருந்த வீட்டில் இவர்களுக்கு சிங்க்குக்குக் கீழே அலமாரி ஊறி உப்பிப் போயிற்று. அந்தப் பயம்.

“இட்லிக் கொப்பரையில பலகை அவிக்குதியளே. நாளைக்கு நான் எதுல இட்லி ஊத்த?” என்றார்கள் அம்மா.

“உப்பு போட்டியா?” என்றார் சார்.

நாலு மணி நேரம் கழித்துத் துண்டை எடுத்து உளியால் நெம்பினேன். பிரியவில்லை.

“கதவ மாட்டும் வே,” என்றார் சார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. அவித்தது முதலில் வாங்கிய பலகையின் துண்டு. பாதி வேலையில் பலகை தீர்ந்து, மச்சினன் பேட்டைக்குப் போய் வேறு கடையில் இன்னும் இரண்டு வாங்கி வந்தான். பலகையில் தர முத்திரை மங்கலாக இருந்தது. அவசரத்தில் தட்டிப் பார்த்துவிட்டு அறுத்தேன். கீழ்ப்பெட்டிகளுக்கு அதைத்தான் போட்டேன். சிங்க்கும் அங்கேதான். அவிக்க நல்ல துண்டைத் தெரிந்துதான் எடுத்தேனா, தெரியவில்லை.

கதவுக் கீலுக்குத் துளை போட்டேன். இடம் தப்பியது. எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். தரை கழுவுகிற தண்ணீர் தொடாமல் பெட்டிக்கு நாலங்குலம் கால் வைத்திருந்தேன். அறுத்த விளிம்பெல்லாம் பட்டை ஒட்டியிருந்தேன். குழாய் போகிற துளையைச் சுற்றி சிலிக்கான் அடைத்திருந்தேன். பலகை மட்டம் என்றால் இத்தனையும் வீண்.

மச்சினன் பக்கத்தில் வந்தான்.

“ஏன் அத்தான், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“சிங்க்குக்குப் போட்ட பலகதாம்லே.”

“மேல மைக்கா ஒட்டியாச்சு. யாருக்குத் தெரியப் போவுது? சும்மா இருங்க.”

“ஒனக்குத் தெரியுதுல்லா.”

குப்பைச் சாக்கைக் கொட்டித் துழாவினேன். அந்தப் பலகையில் ஒரு துண்டு கிடைத்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

“அம்மா, கொப்பரைய இன்னொரு தடவ தாங்க.”

“என்ன தம்பி, மத்தியானத்துக்கும் பலகைதானா?”

சார் செய்தித்தாளை மடித்தார். “அதான் பாஸாயிட்டுல்லா. பொறவு என்ன?”

“இது வேற பலகை சார். சிங்க்குக்குப் போட்டது.”

கொப்பரை மறுபடி ஏறியது. அடுப்புப் பக்கம் நின்றேன். வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன்.

“பிரசவத்துக்கா வந்திருக்கீரு? உக்காரும் வே,” என்றார் சார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் பழுப்பாகிவிட்டது. துண்டை எடுத்தேன். உளி தேவைப்படவில்லை. நகத்துக்கே பிரிந்தது.

“என் தப்பு சார். வேற பலகை போடுதேன். என் பொறுப்பு.”

அம்மா அடுப்பை அணைத்தார்கள். சார் கீழ்ப்பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

“எத்தன பலக கழத்தணும்?”

பென்சிலை எடுத்தேன். அடி, பக்கம், நடுத்தட்டு என்று பேட்டையில் வாங்கிய அந்த இரண்டில் அறுத்த ஒவ்வொன்றுக்கும் குறி போட்டேன். மச்சினன் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

பதினொன்று.