கோட்டக்குப்பம் தாண்டினால் பேசுவோம்

சூசை இறந்த செய்தி ஒரு சுவரொட்டி வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. மருந்து வாங்கப் போனவன், மரக்காணம் பேருந்து நிலையச் சுவரில் அவர் படத்தைப் பார்த்தேன். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. அவர் மகனைத் தேடிப்போய், "ஏம்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களே, பெரியவரே" என்றான். அவன் மேல் தவறில்லை. ஆனாலும் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

உப்பளத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தச் சண்டை தெரியும். பாத்திக்கு அருகே குடிநீரும் நிழற்கொட்டகையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். குடிநீர் வந்தது. கொட்டகை வருவதற்குள், சங்கத் தலைவராக இருந்த சூசை என்னைக் கேட்காமலே வேலைநிறுத்தத்தை முடித்தார். அவரைத் துரோகி என்று நான் துண்டறிக்கை எழுதினேன். பள்ளிக்கூடம் போகாமல் நானாக எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அச்சில் வந்த என் முதல் எழுத்து அதுதான். அதன்பின் பதினோரு வருடம் நாங்கள் பேசவில்லை.

சென்ற ஆண்டு எனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும். முதலில் மார்பில் ஊதா மையால் கோடுகள் போட்டார்கள். கதிர் விழ வேண்டிய இடத்துக்கு அதுதான் அடையாளம். "அழியாம பாத்துக்குங்க ஐயா" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் எனக்கு நாற்பது வருடப் பழக்கம். உப்புப் பாத்தியை விட்டு ஏறியவன் உடம்பைத் தேய்த்துக் கழுவாமல் சோற்றுத் தட்டைத் தொட மாட்டான். உப்பு தங்கினால் தோல் வெடித்துவிடும். வேலையை விட்டுப் பல மாதம் ஆகியும், அன்று மாலை கை தன் பாட்டுக்குத் தேங்காய் நாரை எடுத்தது. குளித்து முடித்தபோது மார்பில் ஒரு கோடும் இல்லை.

மறுநாள் மருத்துவமனையில் திட்டினார்கள். எல்லாவற்றையும் மறுபடி அளந்து கோடு போட வேண்டுமாம். "உங்க கோடும் வேணாம், கரண்ட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசல் பெஞ்சில் சூசை உட்கார்ந்திருந்தார். அவருக்கு நுரையீரலில் நோய். ஒரு வாரம் முன்பே சிகிச்சை தொடங்கியிருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"ஏம்பா கன்னியப்பா, எங்க ஓடுற?"

நான் அவரைத் தாண்டி நடந்தேன். உள்ளே நான் வாங்கிய திட்டு அவர் காதிலும் விழுந்திருந்தது.

"கோட்ட அழிச்சிட்டியா? நானும் அதே தான் பண்ணேன். சோப்பு போட்டு, நாரு போட்டுத் தேய்ச்சி எடுத்துட்டேன். அந்த நர்சம்மா என்னை மட்டும் தான் திட்டணுமா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "பயமா இருக்குது" என்றேன். பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத வார்த்தை. போயும் போயும் அவரிடம் சொன்னேன்.

"உள்ள தனியா தாம்பா படுக்கணும். கதவு வரைக்கும் நான் வர்றேன்."

வந்தார். மறுபடி கோடு போட்டார்கள். சிகிச்சை தொடங்கிய நாளில், எல்லோரும் வெளியேறிக் கனத்த கதவு மூடியபின், உலகத்திலேயே நான் ஒருவன் மட்டும் மிஞ்சியது போல இருந்தது. இயந்திரம் என்னைச் சுற்றி வந்தது. கதவு திறந்தபோது எதிரே அவர் நின்றார்.

ஆனால் ஊரில் விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. பேருந்தில் அவர் முன்னால் உட்காருவார், நான் பின்னால். புதுச்சேரி எல்லையில் உள்ள கோட்டக்குப்பம் தாண்டியதும் எழுந்து என் பக்கத்தில் வருவார். "இங்கேந்து வேற சர்க்காரு. நம்ம சண்டை இங்க செல்லாது" என்பார். என் சட்டையை விலக்கி எட்டிப் பார்த்து, "கோடு இருக்குதா?" என்று கேட்பார். அவருடையதை நான் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு. தோல் கருகி எரிந்தபோது, "உப்புத்தண்ணிக்கே அசராத தோலு, இதுக்கா அழுவுது?" என்றார். திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் எழுந்து முன்னால் போய்விடுவார். கூட்டத்தில் யாரும் கவனித்ததில்லை.

அவர் சிகிச்சை எனக்கு ஒரு வாரம் முன்பே முடிந்தது. அடுத்த திங்கட்கிழமையும் பேருந்தில் இருந்தார். "டாக்டர் வரச் சொன்னார்னு வீட்ல சொல்லிட்டேன்" என்றார். அந்த வாரம் முழுக்க வந்தார். கடைசி நாள், "ஊர்லயும் பேசிக்கலாமா?" என்று கேட்டார்.

"கொட்டகை வராம முடிச்சது தப்புன்னு நாலு பேர் முன்னாடி சொல்லு. பேசறேன்."

சிரித்தார், இருமினார். "அப்ப கோட்டக்குப்பம் தாண்டியே பேசிக்கலாம்பா."

பிறகு அவருக்கு நோய் முற்றியது. படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு இரண்டு முறை அவர் தெரு வரை நடந்தேன். நாலு பேர் பார்ப்பார்களே என்று திரும்பிவிட்டேன். எனக்காகக் கதவு வரை வந்தவரின் வாசல் வரைகூட நான் போகவில்லை.

வேலைநிறுத்தத்தை அவர் முடித்தது தவறு. இன்றும் சொல்கிறேன். ஆனால் அவர் துரோகி இல்லை. நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியது என் பக்கமும் இருந்தது. அதைத்தான் உங்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி இங்கே எழுதுகிறேன்.

சென்ற வாரம் பரிசோதனைக்குப் போனேன். கோட்டக்குப்பம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். யாரோ வந்து உட்கார்ந்தார்.

மார்பில் இருந்த கோடுகள் என்றோ அழிந்துவிட்டன. இப்போது எப்படி வேண்டுமானாலும் தேய்த்துக் குளிக்கலாம். ஆனாலும் நார் அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. சூசையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.