தண்ணீர் உத்தியோகம்

ஓடத்துறையில் இறங்கி முழுக்குப் போட்டு, முழங்கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, மறுபடியும் ஒரு முழுக்குப் போடுகிறார் சடகோபன். கரையில் வைத்திருக்கும் மடிவேஷ்டியை உடுத்தித் திருமண் இட்டுக்கொண்ட பிறகுதான் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் கால் வைப்பார். "என்ன ஓய், சாயங்காலமும் தீர்த்தமாடறீரே!" என்று யாராவது மெச்சினால் தலையைக் குனிந்துகொள்வார். உத்தியோகம் என்னவென்று கேட்டால், "தண்ணி உத்தியோகம்" என்பதோடு சரி.

திருச்சிராப்பள்ளிச் சாக்கடை வந்து சேருகிற பண்ணைக்கு அவர் மேஸ்திரி. அங்கே ஆளே வேறு. கம்பித் தடுப்பில் கந்தலும் குப்பையும் நிற்கவேண்டும். தொட்டியில் சேறு அடியில் தங்கவேண்டும். மேல்தண்ணீர் ஜல்லிப் படுகையில் சொட்டிச் சொட்டி இறங்கிப் புல்வயலுக்குப் போகவேண்டும். ஜல்லியைத் தொட்டுப் பார்த்து, "இந்த வழுவழுப்பைக் கழுவிப்பிடாதே. இதுதான் அழுக்கைத் திங்கறது. பெருமாள் எங்கெல்லாம் குடியிருக்கார் பார்த்தியா, காத்தான்!" என்பார்.

தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளுகிற காத்தான் சிரிப்பான். "அப்ப நானும் கோயில்லதான் இருக்கேன், சாமி!"

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில், மகள் குமுதவல்லியைப் பெண் பார்க்க வந்த பிள்ளையின் தகப்பனாரோடு சடகோபன் நின்றிருந்தார். உத்தியோகம் இன்னதென்று தெரிந்தால் மனுஷர் அடுத்த வண்டிக்கே ஊர் திரும்பிவிடுவார். அந்த நேரம் பார்த்துக் காத்தான் பெண்சாதியோடு எதிரே வந்துவிட்டான்.

"வீராயி, இவங்கதான் நம்ம சாமி! கும்பிடுறேங்க சாமி!"

"யார் ஓய் இது?" என்றார் பிள்ளைவீட்டுக்காரர்.

"தெரியலை ஸ்வாமி. வேறே யாரோன்னு நினைச்சுண்டு பேசறான்."

காத்தான் அவர் முகத்தையே பார்த்தான். "ஆமாங்க, தப்பாப் பாத்துட்டேன். எங்க சாமி இம்புட்டுச் செவப்பு இல்லீங்க," என்று பெண்சாதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சம்பந்தம் பேசி முடிந்தது; நிச்சயதார்த்தம் ஆடி கழிந்து. வீட்டில் அக்காரவடிசில். சடகோபன் இலையில் விழுந்ததைத் தொடாமலே எழுந்துவிட்டார். சந்நிதியில் தீர்த்தம் வாங்கக் கையை நீட்டவே கூசியது.

மறுநாள் பண்ணையில் காத்தான், "வாங்க மேஸ்திரி," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான். இடுப்பளவு சேறு. அள்ளி முடித்து அவன் கரையேற வந்தபோது, சடகோபன் மண்டியிட்டுக் குனிந்து, இத்தனை வருஷத்தில் இல்லாத வழக்கமாகக் கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோடா, காத்தான்."

காத்தான் அந்தக் கையைப் பார்த்தான். "வேணாங்க, ஒட்டிக்கும்," என்று கொஞ்சம் தள்ளிப் போய், சுவரைப் பற்றித் தானே ஏறினான்.