தோல் பைகளுக்கு மேலே ஒரு ஸ்டார்ட்டப் கூட்டம்

நவி மும்பையின் சான்பாடா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு சாயங்காலம் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞன் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“சர்வரு மறுபடியும் படுத்துட்டுலே. நீ பதறாத. நான் வந்து எழுப்புதேன்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழ் மாமி ஒருவர் என் பக்கம் சாய்ந்து, “பாவம், உடம்புக்கு என்னவோ. எந்த ஹோட்டல்ல சர்வரா இருக்காராம்?” என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்து, “என்னக்கா சிரிக்கிய?” என்றான்.

அவனை நான் தம்பி என்றே கூப்பிடப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பிறந்து வளர்ந்தது தாராவி. பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு இன்னும் ரயில் ஏறவில்லை. பகலில் நவி மும்பையில் ஒரு கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் சிநேகிதன் ஒருவனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு ஆப். தாராவியில் ஒரு பட்டறையில் தையல் மெஷின் வேலையில்லாமல் கிடக்கும், அதே வாரம் பக்கத்துச் சந்தில் இன்னொருவர் ஆர்டரை முடிக்க முடியாமல் திணறுவார். இந்த இரண்டு பேரையும் போனில் இணைத்துவிட வேண்டும். அதுதான் அவன் திட்டம். குர்லாவில் ரயில் மாறுகிறவன் அவன், செம்பூரில் இறங்குகிறவள் நான். நடுவில் இருந்த தூரத்துக்குள் என் கதையையும் சொல்லி முடித்துவிட்டேன். பம்பாயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும், ஆனால் ஒரு போர்டைக்கூடப் படிக்காது. அவர்களுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆப் ஒன்றை நான் செய்துகொண்டிருந்தேன். அதற்காக வேலையையும் விட்டிருந்தேன். அன்று சான்பாடாவுக்குப் போனதே பழைய ஆபீஸில் கடைசிக் காகிதங்களை வாங்கத்தான்.

ஸ்டார்ட்டப் கூட்டங்களுக்குப் போனதுண்டா என்று கேட்டேன். பொவாயில் ஒன்றுக்குப் போனானாம். சமோசா வைத்திருந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிவிட்டானாம்.

“என் இங்கிலீஷ் வேலை பாக்கப் போதும்க்கா. பெருமை பீத்தப் பத்தாது.”

எனக்கு இங்கிலீஷ் போதும். ஆனாலும் அந்தக் கூட்டங்களில் நானும் சமோசாப் பக்கம்தான் நிற்பேன். அப்படியானால் நம் ஆட்களை நாமே கூட்டினால் என்ன என்று நான்தான் ஆரம்பித்தேன். ரயில் செம்பூரில் நின்றதால் மேற்கொண்டு யோசிக்க நேரமில்லை. சரி என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டோம்.

முதல் கூட்டங்கள் மாட்டுங்காவில் ஒரு இட்லிக் கடையில் நடந்தன. தம்பி இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்தான். ஆண்டாப் ஹில்லில் வீட்டிலேயே டியூஷன் நடத்தும் ஒரு பெண் வந்தாள். பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், யார் எப்போது வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள ஏதாவது செய்ய வேண்டும் என்றாள். மாட்டுங்காவிலேயே மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்திலிருந்து எம்.பி.ஏ. படித்த ஒருவர் வந்தார். அவர் லேப்டாப்பைத் திறக்கும்போதே ஸ்லைடு ஓடத் தொடங்கிவிடும்.

கடை சூப்பர்வைசருக்கு எங்களைப் பிடிக்கவில்லை. ஈரத் துணியை எடுத்துவந்து லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். “வேற ஏதாவது?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எழுந்து போங்கள் என்று அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இன்னொரு வடை சொல்வோம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பொறுமை தீர்ந்தது. “வெளியில க்யூவைப் பாருங்கோ. நீங்க கம்பெனி ஆரம்பிக்கறதுக்குள்ள எங்க கம்பெனியை மூடிடுவேள் போல இருக்கு” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எழுந்துகொண்டோம்.

என் செம்பூர் பில்டிங்கின் ஹாலைக் கேட்டேன். பூஜைக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும்தான் தருவோம் என்றார் செக்ரட்டரி. “கம்பெனிக்குப் பிறந்தநாள்னு சொல்லுங்கக்கா” என்றான் தம்பி. சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பாய் வந்தார். இல்லை, நாங்கள்தான் அவரிடம் போனோம். தம்பியின் அப்பாவுக்குத் தெரிந்தவர், தெக்கத்திக்காரர், தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். கீழே மெஷின்கள், மேலே தைத்து முடித்த பைகள் அடுக்கிய மாடி. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் இருக்காது. செங்குத்தான இரும்பு ஏணியில், தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். எம்.பி.ஏ.காரர் லேப்டாப்பைப் பல்லில் கடிக்காத குறையாக ஏறினார்.

பாய்க்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “மாடி எம் மாடி. நான் அதுல உக்காந்திருக்கும்போது எனக்கு வெளங்காம ஒருத்தரும் பேசப்படாது.”

அதோடு எங்கள் கூட்டத்தின் தன்மையே மாறிப்போனது. எம்.பி.ஏ.காரர் தன் திட்டம் ஸ்கேலபிள் என்றார். அப்படீன்னா என்ன என்று பாய் கேட்டார். அவர் தமிழில் தேடினார், ஹிந்தியில் தேடினார், கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அதாவது பாய், பெரிசாகும்” என்றார். அப்படியானால் அதைச் சொல்லக் கூடாதா என்று பாய் உண்மையாகவே வருத்தப்பட்டார். கொஞ்ச நாளில் அந்த மனிதரின் ஸ்லைடுகள் பாதியாகக் குறைந்தன. அவர் என்ன செய்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாய் தீர்ப்பும் சொல்வார். என் ஆப்பைக் கேட்டதும் முகம் மலர்ந்து, நம் பிள்ளைகளுக்கு இது அவசியம் வேணும், நல்லா ஓடும் என்றார். தம்பியுடையதைக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்.

“ஓடாது.”

“ஏன் பாய்?”

“எம் மெஷின் சும்மா கெடக்குன்னு நானே ஊருக்குச் சொல்லுவனா? கேக்குறவன் சிரிப்பான். அடுத்த ஆர்டர்ல ரேட்டைக் குறைப்பான். எவனும் சேர மாட்டான்லே.”

தம்பி அன்று என்னோடு சயன் ஸ்டேஷன் வரை, வழியிலிருந்த பட்டறைப் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தான். அடுத்த வாரமே ஆப்பை மாற்றியிருந்தான். யாருடைய பட்டறை என்று அதில் காட்டாது. எந்தப் பக்கம், என்ன மெஷின், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சரி என்று சொன்னால் மட்டும் பெயர் தெரியும். பாய் அதைப் பார்த்துவிட்டு, இப்பவும் ஓடாது என்றார். வீடு வீடாக ஏறி இறங்கித் தம்பி சில பட்டறைகளைச் சேர்த்தான். சேர்ந்தவர்கள் சும்மா வேடிக்கை பார்த்தார்களே தவிர, ஒருவரும் அதில் ஆர்டர் போடவில்லை.

என் கதை அதற்கு நேர்மாறு. என் ஆப்பைப் புகழாதவர்கள் இல்லை. செம்பூரில் பார்க்கிற அம்மாக்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உடனே போனில் போட்டுக்கொள்வார்கள். பிள்ளைகள் ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். என் அண்ணன் மகள் ‘ஆ’வன்னா வரைக்கும் வந்து, “நல்லாருக்கு அத்தை. இப்ப போனைக் குடு” என்று வேறு எதற்கோ போய்விட்டாள்.

மழைக்காலம் வந்தது. எம்.பி.ஏ.காரரின் முயற்சியில் புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஒரு அம்மையார் எங்கள் கூட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்துவிட்டார். குடையை மடக்கிவிட்டு, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏணியில் ஏறி வந்து, பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாமே என்றார் ஹிந்தியில். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து பாயின் குரல் கேட்டது. சாக்கடை எதிர்த்துக்கொண்டு பட்டறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கீழே, வெளிநாட்டு ஆர்டருக்காக வெட்டி வைத்த தோல் முழுவதும் தரையோடு தரையாக அடுக்கியிருந்தது. நாங்கள் எல்லோரும் ஏணிக்கு ஓடினோம். மேலும் கீழுமாக வரிசையாக நின்றுகொண்டு கட்டுகளைக் கைமாற்றி மேலே ஏற்றினோம். எம்.பி.ஏ.காரர் முழங்கால் தண்ணீரில் நின்று தூக்கிக் கொடுத்தார். டியூஷன் பெண் நடு ஏணியில். அவளுக்கு மேல்படியில், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த முதலீட்டு அம்மையார். எந்தக் கட்டு ஈரம், எது காய்ந்தது என்று பிரித்துப் பிரித்துச் சொல்லி மேலே அனுப்பினார். நான் மாடியில் வாங்கி அடுக்கினேன். தோல் இவ்வளவு கனக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தோலைக் காப்பாற்றிவிட்டோம். மெஷின்களைத் தூக்க முடியவில்லை. மோட்டார்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. அந்த வாரமே சரக்கு போக வேண்டும். பாய் மாடிக்கு வந்து ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து, ஈரமான கட்டுகளை எண்ணத் தொடங்கினார். தம்பி சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். இதற்குத்தானே என் ஆப் என்று அவன் அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

பாய்தான் வாயைத் திறந்தார்.

“ஏலே, ஒன் சமாச்சாரத்துல நானும் சேரணும்னா என்ன செய்யணும்?”

தம்பி பைகளுக்கு நடுவிலிருந்து போனைத் தேடி எடுத்தான்.

“பேரு தெரியாதுல்லா?”

“நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் தெரியாது பாய்.”

எந்தப் பக்கம், என்ன மெஷின் வேண்டும் என்று போட்டார்கள். மழைச் சத்தத்தில் எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மையாரும்தான். சாயா வந்து, குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தையல் மெஷின்கள் சும்மா இருக்கின்றன, மேட்டுப் பக்கம், தண்ணீர் இல்லை. பாய் சரி என்று அழுத்தினார். அந்தப் பக்கமும் சரி. பெயர் வந்தது. அதைப் பார்த்ததும் பாயின் புருவம் ஏறியது. “இவனா?” என்றார்.

இரண்டு சந்து தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர். ஒரே வியாபாரிக்குச் சரக்கு கொடுக்கும் போட்டியில் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை என்று தம்பி என் காதில் சொன்னான். அவர் போன்கூடச் செய்யவில்லை. தண்ணீரில் நடந்து நேரிலேயே வந்துவிட்டார். ஏணி மேல் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டு, “எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே பாய்” என்றார்.

“சொல்லியிருக்க மாட்டேன்லா” என்றார் பாய். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். எங்களுக்கும் மூச்சு வந்தது.

சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மையார் முதலீடு செய்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு தோல் பை வாங்கிக்கொண்டு போனார், பிறகு, இப்போதைக்கு இது எங்களுக்குச் சின்னது என்று மரியாதையாக எழுதியிருந்தார். தம்பிக்கு வருத்தம்தான். அந்த வருத்தத்தை வளர்த்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பாயே சேர்ந்துவிட்டார் என்ற செய்தி சந்து சந்தாகப் போயிருந்தது. பெயரைச் சேர்க்கச் சொல்லி ஆட்கள் அவன் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவன் நவி மும்பை வேலையை விட்டான்.

நான் என் ஆப்பை மூடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் எழுந்து நின்று அதைச் சொன்னேன். வேலையை விட்டுச் செய்தது, அம்மாவின் முணுமுணுப்பைத் தாங்கிச் செய்தது. யாராவது ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்தேன். பாய், “நான் ஓடும்னு சொன்னது நின்னுட்டு. ஓடாதுன்னு சொன்னது ஓடுது. இனிமே எங்கிட்ட யாரும் கேக்காதிய” என்றார். மாடியே சிரித்தது, நானும்தான். அப்புறம் தேற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

டியூஷன் பெண் மட்டும் ஏணிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, ஆப் போகட்டும், அதற்காக நான் பேசிப் பதிவு செய்து வைத்திருந்த பாடங்களை மட்டும் தர முடியுமா என்று கேட்டாள். கொடுத்தேன். ஒரு நாள் ஆண்டாப் ஹில் போய்ப் பார்த்தேன். சின்ன அறையில் பிள்ளைகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் என் குரல் ‘ழ’ என்றது. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கத்தினார்கள். தனியாகப் போனில் பார்க்கச் சொன்னால் ஓடிப்போகும் அதே பிள்ளைகள். எனக்கு உடனே எழுந்து வர மனசில்லை. கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை அங்கேயே இருந்தேன்.

இப்போது வாரத்தில் பாதி நாள் தம்பியின் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மீதி நாளெல்லாம் இந்தக் கூட்டத்தை மேய்ப்பதற்கே சரியாக இருக்கிறது. தேவ்நாரிலிருந்தும் நவி மும்பையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார்கள். மாடி கொள்ளவில்லை. செம்பூர்க்காரர்கள் நல்ல ஹாலாக ஒன்று பார்த்து அங்கேயே மாற்றிவிடலாம் என்கிறார்கள். தாராவிக்காரர்கள் மாடியை விட்டால் தாங்கள் வரப்போவதில்லை என்கிறார்கள். போன ஞாயிறு இதற்காகப் பெரிய சண்டை. எம்.பி.ஏ.காரர் தாராவிப் பக்கம் சேர்ந்துகொண்டு, ஸ்லைடே இல்லாமல் நெடுநேரம் பேசினார். ஒரு முடிவும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும், என்ன முகமெல்லாம் சிரிப்பு என்று அம்மா கேட்டாள். எங்கள் கூட்டத்துக்காக எல்லாரும் சண்டை போடுகிறார்கள் என்றேன். அம்மா ஒன்றும் புரியாமல் தட்டை எடுத்து வைத்தாள். எனக்கு நல்ல பசி.