ஓடாத கோழி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கோபம் வருகிற மாதிரி என்னென்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒருத்தரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சரவணம்பட்டி தாண்டி, சுற்றிலும் அடுக்குமாடி வந்துவிட்ட ஒரு தெருவில் எங்கள் வீடு. பின்னால் நாலு சென்ட் காலி இடம். அதில்தான் என் கோழிகள். என் வீட்டுக்காரர் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். போன வருடம் கார் வாங்கியதிலிருந்து அவருக்கு அந்த நாலு சென்ட்டின் மேலேயே கண். சிமெண்டுத் தளம் போட்டுக் கார் செட் கட்ட வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. வேப்பமரத்தடியில் நிற்கும் காரின் மேல் காக்கை எச்சம் போட்டால் கோழியைத் திட்டுவார். காக்கை செய்ததற்குக் கோழி என்ன செய்யும்?

இந்தக் கோடை ஆரம்பத்தில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. தடுப்பு மருந்தை ஐஸில் வைத்து வாங்கிவர வேண்டும். பட்டறையிலிருந்து அவர் வரும் வழியில்தான் மருந்துக்கடை. "நாளைக்கு வாங்கியாரேன் அம்மணி" என்றார். அந்த நாளை வரவே இல்லை. பதினாறு உருப்படியில் மிஞ்சியது இரண்டு பெட்டை. ஒன்று செவலை, இன்னொன்று கருப்பி. கடைசியாகச் சேவலும் கழுத்தைத் தொங்கப் போட்டுச் செத்தது. குழி தோண்டிப் புதைத்ததெல்லாம் நான்தான். அவர் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சேவல் செத்தாலும் அதற்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் வரை பெட்டை போடும் முட்டையில் கரு இருக்கும். அந்த நாட்களில் இரண்டும் போட்ட முட்டைகளை எடுத்து அரிசிக்குள் புதைத்து வைத்தேன். மொத்தம் பதின்மூன்று. அந்தச் சேவலின் வம்சத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

"இதுக பொரிச்சா கோழி இருக்கட்டும். பொரிக்கலீன்னா கொத்தனாரை வரச் சொல்லிருவேன்" என்றார் வீட்டுக்காரர். நானும் சரி என்றேன்.

செவலை அடைக்கு வந்து கொர்கொர் என்று கத்திக்கொண்டிருந்தது. பழைய அன்னக்கூடையில் மணல் கொட்டி, வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கினேன். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று ஒரு கரித்துண்டு, ஒரு ஆணி, ஒரு வரமிளகாய் மூன்றையும் ஓரத்தில் செருகினேன். இதில் எனக்கு முழு நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். வைக்காமல் விடவும் மனசு வராது.

அடைக்கோழியை அப்படியே விட்டுவிட்டால் பட்டினி கிடந்தே செத்துவிடும். தினமும் மத்தியானம் ஒரு தடவை தூக்கி வெளியே விட்டு, கம்பும் தண்ணீரும் வைத்து, எச்சம் போட்டு முடித்ததும் திரும்ப விட வேண்டும். முதல் நாலு நாள் செவலை என் கையைப் பிடுங்கி எடுத்தது. நான் விடவில்லை. இரண்டு இறக்கைக்கும் அடியில் கையைக் கொடுத்து, "வா கண்ணு, வா" என்று பேசிக்கொண்டே தூக்குவேன். ஐந்தாம் நாளிலிருந்து கையைக் கண்டாலே இறக்கையைத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? பக்கத்து அடுக்குமாடிப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எட்டாம் நாள் கருப்பிக்கும் அடை வந்துவிட்டது. நேரே போய்ச் செவலையின் கூடையிலேயே ஏறிச் சண்டை போட்டது. அந்தச் சண்டையில் இரண்டு முட்டை போயிற்று. மிச்சம் பதினொன்று. வந்ததே எனக்குக் கோபம். கருப்பியைப் பிடித்து மூன்று நாள் பக்கெட் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தேன். அதன் இறக்கையிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி அதன் மூக்கிலேயே குறுக்காகச் செருகினேன். எங்கள் பக்கம் அடையைக் கெடுக்க அப்படித்தான் செய்வார்கள். மூக்கில் இறகோடு அது தலையை உதறிக்கொண்டு சுற்றியதைப் பார்த்து, "நல்லா வேணும்டீ உனக்கு" என்றுகூடச் சொன்னேன். அதன் பிறகு என்னைக் கண்டாலே கோழிக் கொட்டகையின் தகரக் கூரை மேல் ஏறிவிடும்.

பதினெட்டாம் நாள், வெள்ளகோவிலில் என் சித்தி மகன் புதுவீடு புகுந்தான். போகாமல் இருக்க முடியாது. கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ஏனுங்க, மத்தியானம் செவலையத் தூக்கி வெளிய உட்டுத் தீனி வெச்சுப்போடுங்க. ரெண்டு கையையும் ரெக்கைக்கு அடியில குடுத்துத் தூக்குங்க. ஒண்ணும் பண்ணாது." பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "உம்" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். வாசலில் புதுச் செருப்புகள். அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்கள். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கையே என் சமையலறையில் புகுந்து சமைத்து, சாப்பிட்டும் முடித்திருந்தார். "வா அம்மணி, பஸ்ஸுல வந்தது பசிக்கும், உக்காரு" என்று எனக்கும் தட்டு வைத்தார். பசிதான். ஒரு வாய் எடுத்து வைத்தேன். நல்ல நாட்டுக்கோழிக் குழம்பு.

"நாட்டுக்கோழி எங்கீங்க வாங்குனீங்க?" என்றேன்.

"வாங்கறதா? நம்மூட்டுக் கோழிதான்" என்றார் வீட்டுக்காரர், ஏதோ சாதித்த மாதிரி. "ஒரம்பரை வந்திருக்குது, கறி ஆக்காம அனுப்ப முடியுமா? கருப்பி கூரை மேல ஏறிக்கிச்சு. செவலை பொட்டாட்ட, அசையாம கூடையில உக்காந்துட்டு இருந்துது. தூக்கியாந்துட்டேன்."

வாயில் இருந்தது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

நங்கை விடவில்லை. "ஆனா அம்மணி, கறியே இல்ல பாத்துக்க. எலும்பும் தோலுமா இருந்துது. தீனியே போடறதில்லியாட்ட இருக்குது?"

பதினெட்டு நாள் முட்டை மேல் தன்னையே உருக்கிக்கொண்டு உட்கார்ந்த கோழியில் கறி எங்கேயிருந்து இருக்கும்? என் கைக்கு எட்டுகிற தூரத்தில் குழம்புச் சட்டி இருந்தது. அதை எடுத்துச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் விருந்தாளி முன்னால் குரலை உயர்த்தினால் ஏழு ஊருக்குப் பேச்சாகும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு இது. "அப்படீங்களா நங்கை, இருங்க, காப்பி போடறேன்" என்றுதான் என் வாய் சொன்னது. அந்த வாயை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கை கழுவிவிட்டுப் பின்னால் ஓடினேன். பதினொரு முட்டையும் திறந்து கிடந்தன. கரி இருந்தது, ஆணி இருந்தது, மிளகாய் இருந்தது. இடிக்குக் காவல் வைத்த நான் ஒரம்பரைக்குக் காவல் வைக்காமல் போனேன். கையில் எடுத்தால் சூடு விட்டுப் போயிருந்தது. ஆனாலும் சில்லிட்டுப் போகவில்லை. தகரக் கூரையின் வெயில் காய்ச்சல் கொஞ்சம் காப்பாற்றியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். ஒன்பது ஆடின. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இன்னும் மூன்றே நாள். உட்கார ஒரு கோழி வேண்டும். ஊரிலேயே எனக்கு இருந்தது ஒரே கோழி. நானே தண்ணீரில் முக்கி, நானே மூக்கில் குத்தி, அடையைக் கெடுத்து விட்ட கோழி.

ஒரம்பரை கார் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரரிடம் வந்தேன். "ஏணி எடுத்துட்டு வாங்க. கூரை மேல ஏறிக் கருப்பியப் புடிங்க."

"ஒரு கோழிக்கு இந்தப் பாடா? வேற கோழி வாங்கித் தாரேன் உடு" என்றார்.

"வாங்கித் தாரீங்களா? மருந்து வாங்கித் தந்தீங்களே, அந்த மாதிரியா?"

என் முகத்தைப் பார்த்தார். ஏணியை எடுத்தார். அடுக்குமாடி பால்கனிகளில் எல்லாம் ஆட்கள் நின்று பார்க்க, ஐம்பத்தாறு வயது மனிதர் தகரத்தின் மேல் தவழ்ந்து போய்க் கோழியைப் பிடித்து வந்தார். சிரிப்புகூட வரவில்லை எனக்கு.

கருப்பியின் மூக்கிலிருந்த இறகை உருவினேன். காய்ந்த ரத்தத்தோடு வந்தது. சாமான் அறை ஜன்னலில் சாக்கைக் கட்டி இருட்டாக்கி, கூடைக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, கோழியை முட்டை மேல் வைத்தேன். எழுந்து ஓடியது. திரும்ப வைத்தேன். கொத்தியது, எழுந்து ஓடியது. எத்தனை தடவை என்று தெரியாது. "நான் பண்ணுனது தப்புத்தான், சித்த உக்காரு ஆத்தா" என்று ஒரு கோழியிடம் கெஞ்சினேன். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது உடம்பை உப்பிக்கொண்டு முட்டைகளின் மேல் கிடந்தது. பல்பை அணைத்தேன்.

இருபத்தொன்றாம் நாளும் மறுநாளுமாக ஆறு குஞ்சு வந்தது. இரண்டு கூமுட்டை. மூன்றில் குஞ்சு முழுசாக வளர்ந்து, மூக்கு ஓட்டில் முட்டியபடியே செத்திருந்தது. அந்த மூன்றையும் ஒரு முறத்தில் வைத்து அவர் பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். எழுந்து போய்விட்டார். அன்றைக்கே கொத்தனார் அளவு எடுக்க வந்தார். "ஆறு குஞ்சு இருக்குதுங்க, போயிட்டு வாங்க" என்று வாசலோடு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து நங்கை திரும்ப வந்தார். குஞ்சு பொரித்த சேதி போயிருக்கிறது. "எனக்கு ரெண்டு பெட்டைக்குஞ்சு குடு அம்மணி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் "அதுக்கென்னக்கா, இரு புடிச்சாரேன்" என்று பின்னால் போனார்.

ஐயோ என்று ஒரு சத்தம். திரும்பி வந்தவரின் கையில் ரத்தம் சொட்டியது. கன்னத்தில் நகக் கீறல். கருப்பி பறந்து வந்து முகத்திலேயே அடித்திருக்கிறது. நங்கை பதறினார். "இதென்ன பேய்க்கோழி! ஒரு கோழியப் பழக்கி வளக்கத் தெரியாதா அம்மணி உனக்கு?"

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மஞ்சள் எடுத்து வந்து காயத்தில் அப்பினேன். அப்போது வீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டு, யாரையும் குத்திக்காட்டாமல், சும்மா சொன்னார்.

"செவலை இப்படியில்ல. அன்னைக்கு நீ சொன்ன மாதிரியே ரெண்டு கையையும் ரெக்கைக்கு அடியில குடுத்தேன். ரெக்கையத் தூக்கிக் குடுத்துச்சு, பாவம். தீனின்னு நெனச்சிருக்கும்."

மஞ்சள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பின்னால் போனேன். இத்தனை நாள் அவர் மேல், நங்கை மேல், ஒரம்பரை மேல் என்று நான் வளர்த்த கோபமெல்லாம் திரும்பி என்னிடமே வந்து நின்றது. மனிதக் கை வந்தால் பயப்படாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

கருப்பி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கழுத்து மயிரெல்லாம் சிலிர்த்தது. குனிந்து கையை நீட்டினேன். புறங்கையில் சதை பிய்கிற மாதிரி ஒரு கொத்து. கையை எடுக்கவில்லை. "அப்படித்தான். யாரு வந்தாலும் கொத்து" என்றேன். இன்னொரு தடவை கொத்தியது.