மடிப்புக் கலையாத மாற்று

எங்கள் ஊரில் அழுக்கு என்றால் வேட்டியில் ஒட்டிய சேறு மட்டும் அல்ல. பிள்ளை பிறந்தால் அழுக்கு. ஆள் செத்தால் அழுக்கு. பெண்பிள்ளை மாதாமாதம் மூலையில் உட்கார்ந்தால் அதுவும் அழுக்கு. ஆற்றில் எத்தனை முங்கு முங்கினாலும் இந்த அழுக்கு போகாது. வண்ணாத்தி வெளுத்துக் கொண்டுவந்து தருகிற துணியை உடுத்த பிறகுதான் வீட்டுக்குள் ஏறலாம். அந்தத் துணிக்கு மாற்று என்று பெயர். ஊரையே சுத்தமாக்குகிற வண்ணாத்தி மட்டும் முற்றத்தைத் தாண்டக் கூடாது. அவளும் அழுக்காம். இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரணியலுக்குப் பக்கத்தில், வள்ளியாற்றங்கரையில் குடியிருந்த பூங்கனிதான் எங்கள் வண்ணாத்தி. புருஷன் பேதியில் போன பிறகு அவளுக்கு மிச்சம் ஒரே மகள். கொல்லம் ஆண்டு 1105இல் அந்த மகளும் மிஷன் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கி, நேசபாய் என்று பெயர் வைத்துக்கொண்டு, திற்பரப்பில் தையல் வேலை பார்த்த ஞானதாசனைக் கட்டிக்கொள்ளப் போனாள். பெரிய வீட்டுக் கிருஷ்ணமணிப் பிள்ளை உடனே ஆள் விட்டுப் பூங்கனியைத் தன் முற்றத்துக்கு வரவழைத்தார்.

"ஏட்டி, நீ அங்க போயி கை நனச்சேன்னா, பொறவு ஒனக்க மாத்த இங்க ஒருத்தரும் தொட மாட்டாவ."

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். பூங்கனி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல், வெள்ளாவிப் பானைக்குத் தீ தள்ளிக்கொண்டே அதனிடம் பேசுவாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் அவளிடம் உட்கார்ந்து பேசவில்லை.

மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். அவளுக்கு ஒரே கவலை பிடித்துக்கொண்டது. அங்கே மாற்றுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? பெற்ற மகள் தீட்டோடு கிடக்கிறாளே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா, பேசுகிறவர்கள் பேசட்டும் என்று துணிந்துவிட்டாள். இருந்ததில் நல்ல துணியை உவர்மண் போட்டு வெளுத்து, பிள்ளைக்கு உறுத்துமே என்று கஞ்சி போடாமல் மடித்து எடுத்துக்கொண்டு, கோழி கூவ நடந்தாள்.

திற்பரப்பு போய்ச் சேர உச்சி சாய்ந்துவிட்டது. மகள் வீட்டு முன்வாசல் திறந்து கிடந்தது. உள்ளே பிள்ளை அழுதது. பூங்கனி என்ன செய்தாள் தெரியுமா? ஆயுசு முழுக்கச் செய்ததையே செய்தாள். பின்பக்கம் சுற்றிப் போய், துணியை ஒரு கல்லில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கூப்பிட்டாள்.

"மாத்து கொண்டாந்திருக்கேன்."

நேசபாய் பிள்ளையோடு வந்தாள். அம்மையைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "எம்மா, உள்ள வா. பிள்ளைய வாங்கு" என்று நீட்டினாள்.

பூங்கனி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "எழவு வீட்டுத் துணி அலக்கின கையி மக்கா. நீ மொதல்ல குளிச்சி மாத்த உடுத்து."

"இங்க தீட்டும் கெடையாது, அழுக்கும் கெடையாது. வாங்கும்மா."

"அப்பிடிச் சொல்லப்பிடாது. பிள்ளைக்கு ஆவாது."

நேசபாய் பிள்ளையை மறுபடி மார்போடு சேர்த்துக்கொண்டாள். "எனக்க அம்ம எப்ப வருவான்னு பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வந்தது ஊரு வண்ணாத்தி" என்றாள். துணியை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்தவில்லை. அதுதான் கொடுமை. வெயில் தாழும்வரை திறந்த கதவுக்கு வெளியே பூங்கனி நின்றாள். பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள். கிருஷ்ணமணிப் பிள்ளைக்குத் திருப்தியாகத்தான் இருந்திருக்கும்.

இவ்வளவும் மறுநாள் ஆற்றங்கரையில் அவளே என்னிடம் சொன்னது. அந்தத் துணி மடிப்புக் கலையாமல் கல்லின்மேல் இருந்தது. கொடுத்த மாற்று கொடுத்தபடியே திரும்பி வருவது அவளுக்கு அதுதான் முதல்தடவை.

"பிள்ள ஆரு மாதிரி இருக்கான்?" என்று கேட்டேன்.

"கிட்ட வச்சிப் பாக்கல்லம்மா" என்றாள்.

பிறகு மடிப்பை உதறி, துளி அழுக்கில்லாத அந்தத் துணியைத் தண்ணீரில் முக்கி அலக்கத் தொடங்கினாள்.